அரியரத்தினம் சொன்னதும் நான் சொன்னதும்

உங்கள் விசாரணை அலுவலக வாசலில் அரை மணி நேரம் காத்திருந்தபோது முன்சுவரின் செங்கல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வேலை. செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்து எல்லா வரியிலும் ஒரே கனத்தில் ஓடுகிறது. எழுபது எண்பது வருடங்களுக்கு முன்னால் யாரோ ஓர் இத்தாலியர் கட்டியிருக்க வேண்டும். இன்றைக்கு இந்த நகரத்தில் அப்படி ஒரு சுவர் கட்ட ஆள் தேடினால் ஆறு மாதம் பொறுக்கச் சொல்வார்கள். இருக்கும் மேசன்மார் கிழவர்களாகிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கையில் சாந்து பட்டால் அருவருப்பு. ஆகவே இந்த நாட்டுக்கு என்னைப் போன்ற ஒருவர் தேவைப்பட்டார்.

என் பெயர் கிறகரி. வயது அறுபத்தொன்று. பிறந்தது மன்னார். முப்பத்தேழு வருடமாகக் கனடாவில் இருக்கிறேன், நகரத்துக்கு வெளியே லவாலில் வீடு. ஒன்பது வருடமாக இலங்கையிலிருந்து கட்டட வேலைக்கு ஆட்களைத் தெரிந்தெடுத்துக் கொண்டுவருகிறேன். நேர்முகம், விண்ணப்பம், விமானம், குளிர்ச் சப்பாத்து, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் தங்க இடம் எல்லாம் என் பொறுப்பு. வந்த பிறகு அவர்களுக்காகக் கதைப்பதும் நான்தான். அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. முதலாளிமாருக்குத் தமிழ் தெரியாது.

நான் பிரெஞ்சில் பேசியிருக்கலாம். அந்தச் சொற்கள் எந்த மொழியில் சொல்லப்பட்டனவோ அதே மொழியில் வாக்குமூலம் வேண்டும் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். சரி. பக்கத்தில் இருந்து உங்களுக்கு மொழிபெயர்க்கும் இந்தப் பிள்ளை சஜிதா, இங்கே பிறந்தவள். அவளுடைய தமிழைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மெதுவாகவே பேசுகிறேன்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதற்கு முதலில் நான் கொண்டுவரும் ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

விமான நிலையத்தில் தலையணையோடு வந்து இறங்குவார்கள். கனடாவில் தலையணை கிடைக்காது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். முதல் வாரம் முழுவதும் என் தொலைபேசிக்கு ஓய்விருக்காது. சூடாக்கியை எப்படி நிறுத்துவது, பால் எந்தப் பெட்டியில் இருக்கும், மெட்ரோவில் எந்தப் பக்கம் ஏறுவது. மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவர் வங்கி வாசலில் நின்று, இந்தக் கதவு இழுப்பதா தள்ளுவதா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். மூலையிலுள்ள டெப்பனர் கடையில் எதைக் கேட்டாலும் 'மெர்சி', நன்றி, என்று சொல்லிக்கொண்டு நிற்பார்கள். நான் பொறுமையாகப் பதில் சொல்வேன். என் வாயில் அவன், இவன் என்று வராது. எல்லோரும் எனக்கு அவர்தான்.

அவர்களுடைய வேலை அனுமதித் தாளில் ஒரே ஒரு முதலாளியின் பெயர்தான் இருக்கும். அந்த முதலாளிக்குப் பிடிக்காவிட்டால் வேறிடத்தில் வேலை செய்ய முடியாது, விமானம்தான். இதை நான் நேர்முகத்திலேயே சொல்லிவிடுவேன். ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று தலையாட்டுவார்கள். தலையாட்டுகிறவரைத்தான் நானும் தெரிந்தெடுப்பேன். கைவேலையைப் பழக்கலாம். தலையாட்டுவதைப் பழக்க முடியாது.

அரியரத்தினம் தலையாட்டவில்லை.

அவரை முதலில் பார்த்தது யாழ்ப்பாணத்தில், நேர்முகத்துக்காக நான் எடுத்திருந்த ஒரு மண்டபத்தின் பின்வளவில். வயது நாற்பத்தேழு, சுன்னாகத்து மேசன், கட்டாரில் பதினொரு வருடம் வேலை செய்தவர். என்னோடு லூக் வந்திருந்தார். லூக் இங்கே பழைய கட்டடங்களின் முகச்சுவர்களைத் திருத்தும் ஒரு சிறிய நிறுவனத்தின் முதலாளி. கெட்டவர் இல்லை, அதிகம் யோசிக்கிற பழக்கமும் இல்லை. ஒவ்வொருவரும் இடுப்புயரச் சுவர் ஒன்று கட்டிக் காட்ட வேண்டும், அதுதான் சோதனை. சாந்தகப்பையும் நூலும் நீர்மட்டமும் நான் வாங்கி வைத்திருந்தேன்.

மற்றவர்கள் உடனே கட்டத் தொடங்கிவிட்டார்கள். அரியரத்தினம் மட்டும் நீர்மட்டத்தை எடுத்து ஒரு பலகையில் வைத்தார். குமிழைப் பார்த்தார். பிறகு அதை முனை மாற்றித் திருப்பி அதே இடத்தில் வைத்து மறுபடி பார்த்தார். பிறகு எழும்பி எங்களிடம் வந்தார்.

"அண்ணை, இது பிழை காட்டுது. இதை வைச்சுக் கட்டினால் எல்லாற்ற சுவரும் சரிஞ்சுதான் நிக்கும்" என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று லூக் கேட்டார். நல்ல சாமான்கள் வாங்கித் தந்ததற்கு நன்றி சொல்கிறார் என்றேன். லூக் சிரித்து அவருடைய தோளில் தட்டினார். அரியரத்தினம் அந்தச் சிரிப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திரும்பிப் போய், ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அதை வைத்தே தன் சுவரைக் கட்டினார். அன்று நேராக நின்ற சுவர் அது ஒன்றுதான். லூக் அதைத் தடவிப் பார்த்துவிட்டு இவர் கட்டாயம் வேண்டும் என்றார்.

நான் வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் சொல்லவில்லை. என் வேலை ஆட்களைக் கொண்டுவருவது.

அது சின்னப் பொய் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது பொய்யாகவே தெரியவில்லை. இருபத்துநாலு வயதில் நான் இந்த நகரத்தில் அகதி விசாரணைக்கு நின்றபோது எனக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நான் தடுமாறித் தடுமாறி எதையோ சொன்னேன். அவர் அதை நிமிர்த்தி, கண்ணீரும் சேர்த்து, அழகாகச் சொன்னார். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அனுமதி கிடைத்தது. அன்றைக்கு அந்த அறையில் நான் சொன்னது எதற்கும் பயன்படவில்லை. அவர் சொன்னதுதான் பயன்பட்டது. அந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை.

அரியரத்தினம் போன வருடம் சித்திரையில் வந்து சேர்ந்தார். அதே விமானத்தில் ஜோன்சன் என்றொருவரும் வந்தார். முப்பத்தொரு வயது, எங்கள் மன்னார்ப் பக்கம், கலியாணம் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மேசன் வேலை அரைகுறையாகத்தான் தெரியும், ஆனால் நன்றாகத் தலையாட்டுவார். அரியரத்தினம் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஜோன்சன் அவர் ஏறினால் ஏறுவார், இறங்கினால் இறங்குவார்.

இரண்டு மாதத்தில் ஒரு விசயத்தைக் கவனித்தேன். வேலைத்தளத்திலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் குறைந்துவிட்டன. ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்தேன். லூக்கும் அரியரத்தினமும் ஒரு சாந்துப் பலகைக்கு இரண்டு பக்கமும் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். கதைத்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர் ஒரு செங்கல்லில் பென்சிலால் கீறிக் காட்டுவார், லூக் விரலால் எண்ணிக் காட்டுவார், இருவரும் தலையை ஆட்டுவார்கள். ஊமைகள் மாதிரி. பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ஆனால் வேலை நடந்துகொண்டிருந்தது. நான் பத்து நிமிடம் நின்றேன், என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அது என்னைப் பாதித்ததா என்று உங்களுக்கு முன் என்னை விசாரித்தவர் கேட்டார். இல்லை. ஒரு மேசன் என்னைப் பாதிக்க முடியாது.

கார்த்திகையில் வேலை துறைமுகத்துப் பக்கம் போனது. பழைய பண்டகசாலை ஒன்றை வீடுகளாக மாற்றுகிறார்கள். ஆற்றைப் பார்த்த முகச்சுவர் முழுவதையும் திருத்த வேண்டும். ஆட்கள் ஏறி நின்று வேலை செய்ய எட்டுத் தட்டுச் சாரம். குளிரில் சாந்து உறையாமல் இருக்கச் சாரத்தைச் சுற்றிப் பிளாஸ்ரிக் சீலை கட்டி, உள்ளே வெப்பம் ஊதுவார்கள். அப்படிச் சீலை கட்டினால் சாரம் காற்றை வாங்கும். ஆகவே சாரத்தைச் சுவரோடு பிடிக்கும் கம்பிகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். வந்த புதிதில் நானும் ஏழு வருடம் செங்கல் சுமந்தவன்.

மேல் தட்டுகளில் கல் வைக்க வழி வேண்டும் என்று லூக்கின் சொந்த ஆட்கள் அந்தக் கம்பிகளைக் கழற்றியிருந்தார்கள். கழற்றியவர்கள் திரும்பப் பூட்டவில்லை. வேறு தளத்துக்குப் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அரியரத்தினம் என்னை அழைத்துச் சொன்னார். லூக்கிடம் சொல்கிறேன் என்றேன், சொல்லவில்லை. ஒவ்வொரு தொழிலாளியின் ஒவ்வொரு முறைப்பாட்டையும் சுமந்துகொண்டு திரிந்தால் என்னை யார் மதிப்பார்கள்? திங்கட்கிழமை அவர் ஒரு செங்கல்லில் சுவரையும் சாரத்தையும் கீறி, நடுவில் ஒரு கோடு போட்டு அதை வெட்டி, லூக்கிடம் கொடுத்திருக்கிறார். லூக்குக்கு விளங்கவில்லை. படம் எடுத்து எனக்கு அனுப்பி, இது என்ன என்று கேட்டார். பார்த்தவுடனே எனக்கு விளங்கியது. நல்ல படம். உள்ளே குளிர்கிறதாம், இன்னொரு வெப்ப ஊதி கேட்கிறார் என்றேன். லூக் பின்னேரத்துக்குள் ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டார். நான் சொன்னேனே, கெட்டவர் இல்லை.

செவ்வாய்க்கிழமை பாதுகாப்புப் பரிசோதகர் வந்தார், இளம் பெண். சட்டப்படி இரண்டு தொழிலாளர்களிடமாவது நேரில் கேட்க வேண்டும் என்று சொல்லி, என்னை மொழிபெயர்க்க வரச்சொன்னார். கேட்பதற்கு முன் தன் தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்தி மேசையில் வைத்தார். குறிப்பெழுதுவதற்கு உதவும் என்றார். எனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. அந்த அலுவலகத்தில் யாருக்குத் தமிழ் தெரியும்?

இந்தச் சாரத்தில் உங்களுக்குப் பயம் தருவது ஏதாவது இருக்கிறதா என்று அவர் கேட்டார். நான் அதைச் சரியாகத்தான் தமிழில் சொன்னேன். ஜோன்சன் பக்கத்தில் நிற்க, அரியரத்தினம் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"அம்மா, இந்தச் சாரத்துக்குச் சுவரோட பிடி இல்லை. ஏழாம் தட்டிலயும் மேலயும் ஒரு கம்பியும் இல்லை, கழட்டிப்போட்டினம். சுத்திவரச் சீலையும் கட்டியாச்சு. இனி இது பாய் விரிச்ச வள்ளம் மாதிரி. ஒரு காத்து அடிச்சால் காணும், ஆளோட சரிஞ்சு போடும். நீங்கள் ஒருக்கா ஏறிப் பாருங்கோ."

நீங்கள் ஏன் என்று கேட்டீர்கள் அல்லவா? இதுதான் இடம். அவர் இதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவளுக்கு ஒரு சொல்கூட விளங்காது என்று தெரிந்தும் அவளையே பார்த்து, கையைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். ஓர் ஒலிவாங்கியிடம் காட்டும் மரியாதையைக்கூட அவர் எனக்குக் காட்டவில்லை. சுன்னாகத்து மேசன் ஒருவர், இந்த நாட்டில் ஒரு கோப்பி வாங்கத் தெரியாதவர், அரசாங்க அதிகாரியைச் சாரத்தில் ஏறச் சொல்கிறார்.

நான் பிரெஞ்சில் சொன்னேன்: "தங்கள் ஊரில் மூங்கில் கட்டித்தான் ஏறுவார்களாம். இதைப் பார்த்தால் அரண்மனை மாதிரி இருக்கிறதாம். நீங்களும் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டுமாம்."

அவள் சிரித்தாள். உயரம் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றாள். எதையோ எழுதினாள்.

"என்னண்ணை, ஏன் சிரிக்கிறா?" என்று அரியரத்தினம் கேட்டார்.

"நல்லாக் கவனிச்சிருக்கிறீர் எண்டு சந்தோசப்படுறா. நாளைக்கு ஆக்களை விட்டுக் கட்டுவிப்பாவாம்."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கைகூப்பினார். அவளும் திரும்பக் கைகூப்பினாள். எங்கள் பண்பாடு அழகானது என்று போகும்போது என்னிடம் சொன்னாள்.

எனக்கு அப்போது எந்தத் தீய எண்ணமும் இருக்கவில்லை. சாரம் விழும் என்று நான் நினைக்கவில்லை. விழாது என்றும் நினைக்கவில்லை. அதைப் பற்றி நினைக்க எனக்கு அவசியம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லூக் அழைத்தார். ஆற்றிலிருந்து காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. அரியரத்தினம் சாரத்தின் அடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், ஏறமாட்டேன் என்கிறார், அவர் ஏறாததால் ஜோன்சனும் ஏறவில்லை. என்ன பிரச்சினை என்று கேட்கச் சொன்னார். நான் லவாலில் காரின் சில்லுகளைப் பனிக்காலச் சில்லுகளாக மாற்றக் கொடுத்துவிட்டு, அந்தக் கடையின் கதிரையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். போனை அவரிடம் கொடுங்கள் என்றேன்.

"அண்ணை, அண்டைக்குச் சொன்ன ஆக்கள் வந்து கட்டினவையோ? ஒருத்தரையும் நாங்கள் காணேல்லை."

"நேற்று நீங்கள் போன பிறகு வந்தவை. கட்டிப்போட்டுப் போட்டினம்."

"ஏழாம் தட்டோ அண்ணை?"

"ஏழும் கட்டியாச்சு, எட்டும் கட்டியாச்சு. நான் பக்கத்தில நிண்டு பாத்தனான்."

காற்று சீலையில் அடிப்பது எனக்கும் கேட்டது.

"நீங்கள் பாத்தனீங்கள் எண்டால் சரி" என்றார். போனை லூக்கிடம் கொடுத்தார்.

இந்த உரையாடல் எந்த ஒலிப்பதிவிலும் இல்லை. நீங்கள் இதைக் கேட்கவும் இல்லை. நானாகச் சொல்கிறேன். முழுதாகச் சொல்வதென்று வந்துவிட்டால் பாதியில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. அவர் ஏறமாட்டேன் என்று நின்றார், நான் ஏற்றினேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அரியரத்தினம் முன்னால் ஏறினார். ஜோன்சன் ஐந்தாம் தட்டில் சாந்து வாளியோடு நின்றார். அரியரத்தினம் ஏழாம் தட்டுக்குப் போனதும் வேலையைத் தொடங்கவில்லை. சுவர்ப்பக்கம் குனிந்து பார்த்தாராம். நிமிர்ந்து, "ஜோன்சன், யன்னலுக்குள்ள பாய்" என்று கத்தினாராம். ஜோன்சனுக்குச் சொன்னதைச் செய்யும் பழக்கம். வாளியை விட்டுவிட்டு, கண்ணாடி போடாமல் கிடந்த யன்னல் வழியாகக் கட்டடத்துக்குள் பாய்ந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. அரியரத்தினம் நின்ற இடத்தில் யன்னல் இல்லை, அங்கே அவரே புதிதாகக் கட்டிய சுவர்தான் இருந்தது. பாதுகாப்புப் பட்டி போட்டிருந்தார். பட்டி சாரத்தோடு கொளுவப்பட்டிருந்தது.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் அதே பரிசோதகர் ஜோன்சனிடம் வாக்குமூலம் எடுத்தார். அந்தப் பெண்ணின் கண் சிவந்திருந்தது, அழுதிருப்பாள் போலிருக்கிறது. திரும்பவும் நான்தான் மொழிபெயர்த்தேன். வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த நாட்டின் திறமையைப் பற்றி எனக்கு இருந்த மதிப்பு அன்றைக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது.

ஜோன்சன் அழுதுகொண்டே சொன்னார்: "அரியரத்தினம் அண்ணைதான் என்னைப் பாயச் சொன்னவர். கம்பி இல்லை எண்டு அவர் முதலே சொன்னவர், இந்த அம்மாவிட்டயே சொன்னவர். அவவுக்கு ஞாபகம் இருக்கும், கேளுங்கோ."

நான் சொன்னேன்: "அரியரத்தினம்தான் கல் வைக்க வசதியாக இருக்கும் என்று கம்பிகளைக் கழற்றினாராம். திரும்பப் பூட்ட மறந்துவிட்டாராம். காற்று வந்ததும் தன் பிழை ஞாபகம் வந்து, கடைசி நேரத்தில் இவரைப் பாயச் சொன்னாராம். உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்கிறார்."

அந்தப் பெண் ஜோன்சனின் கையைப் பிடித்தாள். ஜோன்சன் அவளுடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிரெஞ்சில் எழுதிய தாளை நீட்டியபோது கேட்டார்: "நான் சொன்னது எல்லாம் எழுதிட்டினமோ அண்ணை?"

"எல்லாம் எழுதியிருக்கு."

கையெழுத்துப் போட்டார். ஏழு வாரம் கழித்து, நடக்கத் தொடங்கியதும், ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவைத்தேன். இடுப்பு உடைந்த மேசனை வைத்து இங்கே என்ன செய்வது? அவர் மறுக்கவில்லை. அரியரத்தினம் அண்ணைக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டுதான் விமானம் ஏறினார். அந்த நம்பிக்கையை நான்தான் அவருக்குக் கொடுத்தேன்.

என்னைப் பிடித்தது நீங்கள் அல்ல. அதற்கு யாரும் பெருமைப்பட வேண்டாம். இந்தப் பிள்ளை சஜிதா அந்தப் பரிசோதகரின் அலுவலகத்தில் கோப்புகளை ஒழுங்குபடுத்தப் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். ஒலிப்பதிவின் தலைப்பில் தமிழ் என்று கிடந்ததைப் பார்த்து, கேட்டுப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறாள். அவளுடைய முதல் குறிப்பை என் வழக்கறிஞர் காட்டினார். சாரம் என்பதை இடுப்பில் உடுக்கிற சாரம் என்று நினைத்து, தன் சாரத்துக்குப் பிடி இல்லை என்று மேசன் முறையிட்டார் என எழுதியிருந்தாள். நான் சிரித்துவிட்டேன். பிறகு அம்மாவிடம் அந்தச் சொல்லை மட்டும் கேட்டுத் திருத்தியிருக்கிறாள். இப்படிப்பட்ட தமிழால்தான் நான் இங்கே இருக்கிறேன். இதையும் மொழிபெயர்த்துச் சொல், பிள்ளை. விடாதே.

லூக்கிடம் கோபமா, பயமா, வேறு யாராவது சொல்லிச் செய்தாயா என்றெல்லாம் நேற்றுக் கேட்டீர்கள். யாரும் சொல்லவில்லை. வசந்தத்தில் இன்னும் நாற்பது பேர் வருவதாக இருந்தது, தளத்தை மூடினால் அது தள்ளிப்போகும், அதனால்தான் மறைத்தேன் என்று என் வழக்கறிஞர் எழுதச் சொல்கிறார். வியாபாரக் காரணம் என்றால் நீதிபதிக்கு விளங்குமாம். எழுதட்டும். ஆனால் அது உண்மையல்ல. நாற்பது பேரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நான் இல்லாமலே தான் சொல்வது இந்த நாட்டுக்குக் கேட்கும் என்று அந்த மனிதர் நினைத்தார். கேட்காது என்று காட்டினேன். மூன்று தரம் காட்டினேன், நாலாம் தரம் அவர் ஏறினார். காற்று கொன்றது என்று எழுத வேண்டாம். நான் கொன்றேன் என்றே எழுதுங்கள். எனக்குப் பிழையான வாக்கியங்கள் பிடிக்காது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது.

மாசி மாதம் அறிக்கை வந்தது. இறந்தவரின் கவனக்குறைவு என்று முடித்திருந்தார்கள். அவருடைய மனைவி சிவநேசம் சுன்னாகத்திலிருந்து அழைத்தார். பிரெஞ்சில் ஏதோ கடிதம் வந்திருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன். அன்றைக்கு ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. மாற்றவேண்டிய தேவை இருக்கவில்லை.

"இவரோ அண்ணை?" என்றார். "இவர் வீட்டில ஏணி வைச்சாலும் ரெண்டுதரம் ஆட்டிப் பாத்துத்தான் ஏறுவார். இவரோ கழட்டிப்போட்டு மறந்தவர்?"

"வயது போகேக்க மறதி வரும் தங்கச்சி. அவரில பிழை சொல்லி என்ன செய்யிறது."

அவர் வெகுநேரம் அழுதார். நான் வைக்கச் சொல்லவில்லை, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஜோன்சனின் தாயிடம் தான் நேரில் மன்னார் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், தன் புருசனால்தானே அந்தத் தம்பிக்கு இடுப்பு உடைந்தது, விலாசம் தாருங்கள் என்றார். அந்தத் தாய்க்கு மன வருத்தம், ஒருவரையும் பார்க்கமாட்டா, நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வைக்கும்போது சொன்னார்: "உங்களுக்கும் இவரால எவ்வளவு கரைச்சல். நம்பிக் கூட்டிக்கொண்டு போனனீங்கள். எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் தங்கச்சி, மனதில் ஒன்றும் வைத்திருக்க வேண்டாம் என்றேன். அந்த மனுசியின் மூச்சு ஆறியது எனக்குக் கேட்டது. அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நான் இரக்கமில்லாதவன் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக்கூடாது.